ஒரு டப்பா எத்தனை பேருக்கு?

நாம் பணிபுரியும் திருவனந்தபுரம் கிளையில் மூத்த அலுவலர் ஒருவர் பணி ஓய்வு பெற்ற நாள் அது. வங்கி நேரம் முடிந்த பின் சிறிய பாராட்டு விழா; அதைத் தொடர்ந்து சிற்றுண்டி; இறுதியில் ஐஸ்கிரீம். ஊழியர்கள், அவர்தம் குடும்பத்தினர், நெடுநாள் வாடிக்கையாளர்கள் சிலர் என மொத்தம் 75 பேர். ஐஸ்கிரீம் வாங்கும் பொறுப்பு நம்முடையதாக இருந்தது. “4 லிட்டர் டப்பா ஒன்று போதும் சார், தாராளமாக 80 பேருக்கு வரும்” என்றார் கடைக்காரர். நாளெல்லாம் கணக்கிலேயே உழலும் நாம், அந்த ஒரு கணக்கை மட்டும் சரிபார்க்காமல் தலையசைத்து வாங்கி வந்துவிட்டோம்.

பரிமாறத் தொடங்கி நாற்பதாவது ஆளை எட்டுமுன் டப்பா காலியாயிற்று. முதலில் வரிசையில் நின்றவர்கள் குழந்தைகளும் விருந்தினரும். அவர்களுக்குக் கை தாராளமாகவே சென்றது. கிடைக்காமல் போனவர்கள் யார் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். அன்றைய ரொக்கக் கணக்கை முடித்துவிட்டு வந்த காசாளர்கள், வாயிலில் நின்ற காவலர், நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்த தற்காலிகப் பணியாளர்கள், கிளையைத் தூய்மை செய்யும் சேச்சி. “வேண்டாம் சாரே, எனக்குக் குளிர்ந்தது ஒத்துக்கொள்ளாது” என்று அவர் புன்னகையோடு சொல்லிவிட்டு, எச்சில் கோப்பைகளைத் திரட்டத் தொடங்கினார். நாமும் அதை நம்பினோம். நம்புவது அப்போது நமக்கு வசதியாகவும் இருந்தது.

ஐஸ்கிரீம் கிடைக்காததால் எவருக்கும் பெரிய இழப்பு நேர்ந்துவிடவில்லை. ஆயினும் தவறான கணக்கின் விலையை எப்போதும் கடைசியில் நிற்பவரே கொடுக்கிறார் என்ற உண்மை அன்று நம் கண்ணெதிரே நின்றது. ஒரு டப்பா எத்தனை பேருக்கு வரும் என்னும் எளிய கேள்வியை இங்கு எடுத்துக்கொள்வதற்கு அதுவே காரணம்.

80 எங்கிருந்து வந்தது?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 4,000 மில்லிலிட்டரை 80 ஆல் வகுத்தால் 50 மில்லிலிட்டர் வருகிறது. ஒருவருக்கு 50 மில்லிலிட்டர் என்பது அவருடைய கணக்கு. நம் கையில் இருந்ததோ சாம்பார் கரண்டியை ஒத்த பெரிய கரண்டி. அதில் ஒரு முறை அள்ளினால் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர். அவர் சொன்ன எண்ணும் சரி, நம் கையில் வந்த எண்ணும் சரி. “ஒருவருக்கு” என்ற சொல்லின் பொருளை மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இந்தச் சிக்கல் இந்த ஊருக்குப் புதியதன்று. திருவிதாங்கூரில் நெல்லையும் அரிசியையும் நாழி, இடங்கழி, பறை என அளந்தார்கள். 4 நாழி ஓர் இடங்கழி. 10 இடங்கழி ஒரு பறை. வாய்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பறையின் அளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. அதற்கு மேல், தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்ற கேள்வியும் இருந்தது. கொடுப்பவர் தலைதட்ட விரும்புவார்; வாங்குபவர் குவித்துத் தரக் கேட்பார். நாடு முழுவதற்கும் ஒரே அளவை என்ற நோக்கில் 1956 இல் எடையளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டு மெட்ரிக் முறை வந்தது. லிட்டர் எங்கும் ஒரே லிட்டர் ஆயிற்று. ஆனால் “ஒரு பங்கு” என்பதற்கு மட்டும் இன்றும் பொது அளவு கிடையாது. ஐஸ்கிரீம் கரண்டியையும் தலைதட்டலாம், குவிக்கலாம். குவித்து எடுக்கும் கரண்டி, தட்டி எடுக்கும் கரண்டியைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கொள்வது எளிது.

கரண்டிக்கே ஓர் அளவு வேண்டும் என்று எண்ணியவர்களும் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஆல்ஃபிரட் கிரேல் என்ற கறுப்பினத்தவர், ஒரு கையால் இயக்கக்கூடிய ஐஸ்கிரீம் கரண்டிக்கு 1897 பிப்ரவரி 2 அன்று காப்புரிமை பெற்றார். இன்று உணவகங்களில் பயன்படும், பிடியை அழுத்தினால் உருண்டையாக விழும் ஸ்கூப் கரண்டிகள் அந்த வழியில் வந்தவையே. இவற்றில் பலவற்றின் மீது ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் அமெரிக்கக் குவார்ட், அதாவது சுமார் 946 மில்லிலிட்டர், அந்தக் கரண்டியால் தலைதட்டி எடுத்தால் எத்தனை உருண்டை தரும் என்பதே அந்த எண். 12 என்றிருந்தால் ஓர் உருண்டை சுமார் 79 மில்லிலிட்டர். 16 என்றிருந்தால் சுமார் 59. எண் பெரிதானால் உருண்டை சிறிதாகும். இதை அறியாமல் “பெரிய எண், பெரிய கரண்டி” என்று வாங்குவோர் உண்டு.

டப்பா மாறவில்லை, எண்ணிக்கை மாறியது

பங்கு என்பது எவ்வளவு நெகிழ்வான சொல் என்பதற்கு அமெரிக்காவே நல்ல சான்று. அங்கு உணவுப் பொதிகளின் மீது “இதில் இத்தனை பங்குகள்” என அச்சிட வேண்டும். ஒரு பங்கின் அளவை அரசு வரையறுக்கிறது. நெடுங்காலம் ஐஸ்கிரீமுக்கு அரைக் கோப்பை, அதாவது 120 மில்லிலிட்டர், ஒரு பங்காக இருந்தது. அக்கணக்கில் 473 மில்லிலிட்டர் கொண்ட ஒரு பைண்ட் டப்பா 4 பங்குகள். 2016 இல் வெளியிடப்பட்ட புதிய விதி ஒரு பங்கை மூன்றில் இரண்டு கோப்பையாக, ஏறத்தாழ 160 மில்லிலிட்டராக, உயர்த்தியது. பெரிய நிறுவனங்கள் 2020 ஜனவரி முதல் அதைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. அதே டப்பா, அதே ஐஸ்கிரீம். ஆனால் பங்குகள் 4 இலிருந்து 3 ஆகிவிட்டன.

மக்கள் எவ்வளவு உண்ண வேண்டும் என்பதை வைத்து அந்த அளவு தீர்மானிக்கப்படுவதில்லை. வழக்கமாக எவ்வளவு உண்கிறார்கள் என்பதை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. மக்களின் கிண்ணம் பெரிதாயிற்று. அரசின் அளவுகோலும் நீண்டது. ஆகவே பொதியில் உள்ள பங்கு எண் நமக்கு அறிவுரை அன்று. அது ஒரு கணக்கு அலகு மட்டுமே.

நம் நாட்டில் நிலை வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, 100 கிராமுக்கோ 100 மில்லிலிட்டருக்கோ உரிய ஊட்டச்சத்து விவரம் தரப்பட வேண்டும். அதோடு, நாள் ஒன்றுக்கு 2,000 கிலோ கலோரி, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை முதலியவற்றை அடிப்படையாகக் கொண்டு, ஒரு பங்கு அதில் எத்தனை சதவீதம் என்றும் காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 கிராமில் 16 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை உள்ள ஐஸ்கிரீமில் ஒரு பங்கை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் லேபிள் 16 சதவீதம் என்று காட்டும். அதையே நாம் கிண்ணத்தில் 100 கிராம் போட்டுக்கொண்டால் 32 சதவீதம். வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்ணும் இக்காலத்தில் இந்த இரு மடங்கு வேறுபாடு அற்பமானதன்று.

காற்றுக்கும் விலை உண்டு

ஐஸ்கிரீம் பெரும்பாலும் லிட்டரில் விற்கப்படுகிறது. இதில் இன்னொரு நுட்பம் அடங்கியுள்ளது. பால் கலவை உறையும்போதே அதனுள் காற்றும் அடித்துச் சேர்க்கப்படுகிறது. இது ஏமாற்று வேலை அன்று. காற்று இல்லையேல் அது கரண்டி இறங்காத பனிப்பாளமாகிவிடும். எவ்வளவு காற்று என்பதே கேள்வி. நம் நாட்டுத் தர விதிகளின்படி ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதமும், ஒரு லிட்டரின் எடை குறைந்தது 525 கிராமும் இருக்க வேண்டும். காற்றுச் சேராத கலவை லிட்டருக்கு ஏறத்தாழ 1,100 கிராம் எடை கொள்ளும். எனவே 525 கிராம் மட்டுமே உள்ள ஒரு லிட்டர் டப்பாவில் ஏறத்தாழப் பாதி காற்று. சட்டம் அதை அனுமதிக்கிறது. அதைவிட அடர்த்தியான ஐஸ்கிரீம்களும் சந்தையில் உண்டு.

இரண்டு ஒரு லிட்டர் டப்பாக்களை எடுத்துக்கொள்வோம். விலைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒன்று 525 கிராம், விலை 250 ரூபாய். மற்றொன்று 800 கிராம், விலை 350 ரூபாய். மில்லிலிட்டர் கணக்கில் முதலாவது 100க்கு 25 ரூபாய், இரண்டாவது 35 ரூபாய், முதலாவதே மலிவு. எடைக் கணக்கில் முதலாவது 100 கிராமுக்கு 47 ரூபாய் 62 காசு, இரண்டாவது 43 ரூபாய் 75 காசு, இரண்டாவதே மலிவு. வயிற்றுக்குள் செல்வது எடையே அன்றி இடம் அன்று. அடர்த்தியான ஐஸ்கிரீமில் சிறிய உருண்டையே நிறைவு தரும். ஆகவே அதே ஒரு லிட்டர் கூடுதலான பேருக்கு வரும்.

சில டப்பாக்களில் மில்லிலிட்டரோடு எடையும் அச்சிடப்பட்டிருக்கிறது. இல்லாவிடில் வீட்டுத் தராசில் நிறை டப்பாவை ஒரு முறையும், தீர்ந்த பின் வெற்று டப்பாவை ஒரு முறையும் நிறுத்தால் போதும். மேலும், பொதியப்பட்ட பொருள்களுக்கான எடையளவு விதிகளில் 2021 இல் செய்யப்பட்ட திருத்தம், அதிகபட்ச விலையோடு ஓர் அலகின் விலையையும் காட்டுமாறு கூறுகிறது. ஒரு லிட்டருக்குக் குறைந்த டப்பாவாயின் ஒரு மில்லிலிட்டருக்கும், கூடிய டப்பாவாயின் ஒரு லிட்டருக்கும் விலை இருக்கும். 700 மில்லிலிட்டர் டப்பாவும் 750 மில்லிலிட்டர் டப்பாவும் அருகருகே இருந்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அலகு விலையில் தெரிந்துவிடும். “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்” என்ற சலுகையையும் அந்தச் சிறிய எழுத்தை வைத்தே எடைபோட வேண்டும். ஐஸ்கிரீம், ஃப்ரோசன் டெசர்ட் ஆகிய இரண்டும் ஒரே உறைபெட்டியில் அடுத்தடுத்து இருக்கும். பின்னதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

பயனுள்ள ஒரு கணக்கு

டப்பாவின் கொள்ளளவு முழுவதும் கிண்ணத்துக்கு வந்து சேர்வதில்லை. கரண்டி அழுத்தும்போது உள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதி வெளியேறி ஐஸ்கிரீம் சுருங்குகிறது. ஓரங்களில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் உருகிப் போகிறது. ஆகவே பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும் என்பது நாம் அனுபவத்தில் கண்டது.

முறை இதுதான். முதலில் கரண்டியில் தண்ணீர் நிரப்பி, மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். கரண்டியின் அளவு தெரிந்துவிடும். அது 80 மில்லிலிட்டர் என்று கொள்வோம். தலைதட்டிய ஓர் உருண்டை ஒருவருக்கு எனில், 700 மில்லிலிட்டர் டப்பா 7 பேருக்கு வரும். ஒரு லிட்டர் 11 பேருக்கு. 4 லிட்டர் 45 பேருக்கு. வெறும் வகுத்தல் கணக்கு முறையே 8, 12, 50 என்று காட்டும். அந்த வேறுபாடே விருந்தில் தலைகுனிவாக முடிகிறது. டப்பாவை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்து, கரண்டியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் உருண்டைகள் ஒரே அளவாக வரும்.

“இன்பத்துக்காக உண்ணும் பொருளைக் கூடவா அளந்து கொடுப்பது? விருந்தோம்பலில் கணக்கு எதற்கு?” என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆயினும் இந்நகரின் விருந்து மரபையே பாருங்கள். சத்யா விருந்துக்குப் பொறுப்பேற்கும் சமையற்காரர் முதலில் கேட்பது “எத்தனை இலை?” என்பதுதான். அரிசியும் பருப்பும் மட்டுமன்றி, போளியோடு பரிமாறும் பாயசம் வரை இலைக் கணக்கில்தான் அவர் தீர்மானிக்கிறார். கடைசிப் பந்தியில் அமர்பவருக்கும் முதல் பந்தியில் கிடைத்த அதே பாயசம் கிடைத்தால்தான் அவருக்குப் பெயர். தாராளம் என்பது முதல் இலையில் மிகுதியாக ஊற்றுவதன்று. கடைசி இலை வரை குறையாமல் ஊற்றுவது. அதற்குக் கணக்கு பகை அன்று, துணை.

வங்கி மேசையிலிருந்து

இதையெல்லாம் எழுதும்போது நம் அன்றாட அலுவல் நினைவுக்கு வராமல் இல்லை. கடன் வாங்க வருவோரில் பலர் மாதத் தவணை எவ்வளவு என்று மட்டுமே கேட்கிறார்கள். அது டப்பாவின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பானது. வெளியார் ஒருவர் 1 லட்சம் ரூபாயை 3 ஆண்டுகளுக்கு “10 சதவீதம் மட்டுமே” என்று நிலையான வட்டிக்குத் தருவதாகக் கொள்வோம். மொத்த வட்டி 30,000 ரூபாய். மாதத் தவணை 3,611 ரூபாய். முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தத் தொடங்கிவிடுகிறோம். ஆயினும் வட்டி மட்டும் முழு அசலுக்கும் கடைசி வரை கணக்கிடப்படுகிறது. குறையும் அசலின் மீது கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 18 சதவீதம். அந்த 10க்கும் 18க்கும் இடையில் இருப்பது, டப்பாவில் அடைத்த காற்றைப் போன்றதே.

ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்று தரப்பட வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்கும். கடனுக்கான அலகு விலை அதுவே. அதைப் படிக்காமல் கையெழுத்திட விரையும் வாடிக்கையாளரை நாம் சற்று நிறுத்தி, “இதை ஒரு முறை பாருங்கள்” என்று சொல்வதுண்டு. சொல்லும் நாமே, 80 பேர் என்ற கடைக்காரரின் வார்த்தையைப் படிக்காமல் ஏற்றுக்கொண்டோம் என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை.

அச்சிட்ட எண் எதுவாயினும், அது யாருடைய கரண்டியால் அளக்கப்பட்டது என்று கேட்பதே நம் கருத்து. நாம் கேட்காதபோது அந்த அளவை வேறொருவர் நமக்காகத் தீர்மானித்து விடுகிறார்.

சில மாதங்கள் கழித்துக் கிளையில் மீண்டும் ஒரு பணி ஓய்வு விழா வந்தது. இம்முறையும் 75 பேர். கரண்டியைத் தண்ணீரால் அளந்து பார்த்தோம், 80 மில்லிலிட்டர். 75 பேருக்கு 6 லிட்டர். வீணாவதைச் சேர்த்தால் ஏறத்தாழ 6,670 மில்லிலிட்டர். 4 லிட்டர் டப்பாக்கள் இரண்டு வாங்கினோம். வாயிற் காவலரும் தற்காலிகப் பணியாளர்களும் முதல் வரிசையிலேயே வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மேலாளர் அறிவித்தார். அனைவரும் உண்ட பின்னும் டப்பாவில் மிச்சம் இருந்தது. குழந்தைகள் இரண்டாம் முறை வந்தார்கள்.

குளிர்ந்தது ஒத்துக்கொள்ளாது என்று முன்பு சொன்ன சேச்சி, ஓர் உருண்டையை உண்டுவிட்டு, இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார்.